வரலாறு படித்த பெண்ணுக்கு டர்பனில் என்ன வேலை?

சாட்ஸ்வர்த்திலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார். மகள் குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் மூன்று வருட பி.ஏ. படிப்பை இந்த ஆண்டு முடிக்கிறாள். முதன்மைப் பாடங்கள் வரலாறும் அரசியல் அறிவியலும். "அக்கவுண்டிங் எடுத்திருந்தால் நேராக ஒரு வேலையில் போய் உட்கார்ந்திருப்பாள், இதை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாள்?" என்று வீட்டில் பெரியவர்கள் கேட்கிறார்களாம். அவளுக்கு வேலை கிடைக்குமா, எந்த வேலை, இன்னும் என்ன படிக்க வேண்டும் என்பது கேள்வி.

அக்கா, கிடைக்கும். ஆனால் 'வரலாற்றாளர் தேவை' என்று எந்தப் பத்திரிகையிலும் விளம்பரம் வராது. வேலை இருக்கிறது, வேறு வேறு பெயர்களில் இருக்கிறது. அந்தப் பெயர்களைத் தெரிந்துகொண்டு, பி.ஏ.யோடு இன்னும் ஒரு தகுதியைச் சேர்த்துக்கொண்டால் வழி திறக்கும். வெறும் பி.ஏ.யோடு நின்றுவிட்டால் கஷ்டம்தான், அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. தென்னாப்பிரிக்காவில் ஒட்டுமொத்த வேலையின்மை 30 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. பட்டதாரிகளிடையே அது வெகு குறைவு என்றாலும், எந்தப் பட்டம், அதோடு என்ன என்பதுதான் ஆளுக்கு ஆள் வித்தியாசத்தை உண்டாக்குகிறது. நான் டர்பனில் வரலாற்று ஆசிரியராக இருந்துவிட்டு, பிறகு பல வருடங்களாகப் பாரம்பரியச் சின்னங்கள், நில உரிமை சம்பந்தமான ஆய்வு வேலை செய்துவருகிறேன். கண்ணால் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஆசிரியர் வேலை. அதிகம் பேர் போவது அங்கேதான். பி.ஏ.வுக்குப் பிறகு ஒரு வருட பிஜிசிஇ, அதாவது பட்டத்துக்குப் பிந்தைய ஆசிரியர் பயிற்சி. அது முடிந்ததும் சேஸ் என்கிற ஆசிரியர் மன்றத்தில் பதிவு. அந்தப் பதிவு இல்லாமல் எந்தப் பள்ளியிலும் பாடம் எடுக்க முடியாது. அதற்குப் போலீஸ் நற்சான்றும் கேட்பார்கள். இதெல்லாம் பலருக்கும் தெரியும். பலருக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது, உங்கள் மகளை நேரடியாகப் பாதிப்பதும் அதுதான். உயர்நிலை வகுப்புகளுக்கான பிஜிசிஇயில் சேர, பள்ளியில் கற்பிக்கப்படுகிற இரண்டு பாடங்கள் பட்டத்தில் இருக்கவேண்டும் என்று பொதுவாக எதிர்பார்ப்பார்கள். வரலாறு பள்ளிப் பாடம். அரசியல் அறிவியல் பள்ளிப் பாடம் இல்லை! வரலாறு, அரசியல் அறிவியல் என்று அழகாக முடித்துவிட்டு, பிஜிசிஇ விண்ணப்பத்தில் 'இரண்டாவது பாடம்' என்ற இடத்தில் எழுத எதுவும் இல்லாமல் திகைத்துப்போகிற பிள்ளைகளை வருடா வருடம் பார்க்கிறேன்.

அவள் முதல், இரண்டாம் ஆண்டுகளில் ஆங்கிலமோ புவியியலோ எடுத்திருந்தால் தப்பித்தாள். எடுக்கவில்லை என்றாலும் குடி முழுகிவிடாது. தொலைநிலைப் பல்கலைக்கழகமான யூனிசாவில் பட்டத்துக்கென்று சேராமல், தேவையான சில பாடங்களை மட்டும் தனியாகப் படித்து முடிக்க வழி இருக்கிறது. ஆனால் அதற்கு ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகும், அதனால் இப்போதே பார்க்கவேண்டும். என்னைக் கேட்டால் புவியியல்தான் நல்ல துணை. 7 முதல் 9ஆம் வகுப்பு வரை 'சமூக அறிவியல்' என்ற ஒரே பாடத்துக்குள் வரலாறும் புவியியலும் சேர்ந்தே வருகின்றன. இரண்டையும் எடுக்கத் தெரிந்த ஆசிரியரைத் தலைமையாசிரியர்கள் விடமாட்டார்கள், அட்டவணை போடுவது அவர்களுக்கு அவ்வளவு சுலபமாகிவிடும்.

அரசுப் பள்ளி என்றதும் நிரந்தர வேலை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நம் மாகாணக் கல்வித் துறையின் பண நெருக்கடி எல்லாருக்கும் தெரிந்த கதை. புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் பள்ளி ஆட்சிக் குழு, பெற்றோர் கட்டும் கட்டணத்திலிருந்து சம்பளம் தருகிற வேலை. இல்லாவிட்டால் யாராவது பிரசவ விடுப்பில் போகும்போது மாற்றாள் வேலை. அதைச் சின்னதாக நினைக்காமல் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நிரந்தர இடம் காலியாகும்போது பள்ளிக்குத் தெரிந்த முகமாக இருப்பது பெரிய விஷயம். ஆசிரியர் படிப்புக்கு அரசு தருகிற ஃபுன்சா லுஷாகா உதவித்தொகை பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது துறை முன்னுரிமை கொடுக்கிற பாடங்களுக்குத்தான், வாங்கிய ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு வருடம் அரசுப் பள்ளியில் வேலை செய்துகொடுக்கவும் வேண்டும். வரலாற்றை மட்டும் நம்பி விண்ணப்பித்தால் கிடைப்பது சிரமம்.

வரலாற்றை 10 முதல் 12 வரை கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று, 2015இல் அமைக்கப்பட்ட அமைச்சர் குழு 2018இல் பரிந்துரை கொடுத்தது. அதைக் கேட்டுவிட்டு 'இனி வரலாற்று ஆசிரியருக்குத் தட்டுப்பாடுதான், வேலை தேடி வரும்' என்று சொல்கிறவர்கள் உண்டு. அது நடந்தால் எனக்கு மிகுந்த சந்தோஷம். ஆனால் அதை நம்பி ஒரு பெண்ணின் வாழ்க்கையை முடிவு செய்யக்கூடாது.

சரி, பள்ளிக்கூடம் அவளுக்குப் பிடிக்கவில்லை என்றால்? இங்கேதான் நம் பெரியவர்களுக்குத் தெரியாத ஒரு பெரிய பரப்பு இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் பழங்காலம் என்பது சட்டத்துக்குள் வந்துவிட்ட விஷயம். சட்டம் கேட்பதால் யாராவது அந்த ஆய்வைச் செய்தே ஆகவேண்டும், அதற்கு யாராவது பணம் கொடுத்தே ஆகவேண்டும்.

1999இன் தேசியப் பாரம்பரிய வளச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 34ஆம் பிரிவுப்படி 60 வருடத்துக்கு மேல் பழமையான எந்தக் கட்டடத்தையும், அதன் ஒரு பகுதியைக்கூட, மாகாணப் பாரம்பரிய அமைப்பின் பெர்மிட் இல்லாமல் இடிக்கவோ மாற்றவோ கூடாது. நம் மாகாணத்தில் அந்த அமைப்பு பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிற அமாஃபா. 38ஆம் பிரிவு இன்னும் அகலமானது: 300 மீட்டருக்கு மேல் நீளும் சாலை, குழாய், மின்கம்பி வேலை, 5,000 சதுர மீட்டருக்கு மேல் ஓர் இடத்தின் தன்மையை மாற்றுகிற கட்டுமானம் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே தெரிவிக்கவேண்டும், அமைப்பு கேட்டால் பாரம்பரியத் தாக்க ஆய்வு செய்துகொடுக்கவேண்டும். பழைய கல்லறைகளுக்கு 36ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. குவாசூலு-நட்டாலில் கரும்புத் தோட்டம் இருந்த இடத்தில் வீட்டு மனை போடுகிறார்கள் என்றால், அந்த நிலத்தில் ஒப்பந்தக் கூலிகள் தங்கிய பாரக்குகள், அதாவது வரிசைக் குடியிருப்புகள், இருந்தனவா, பெயரில்லாத கல்லறைகள் இருக்கின்றனவா என்று ஒருவர் ஆவணங்களைப் புரட்டிச் சொல்லவேண்டும். மண்ணைத் தோண்டிப் பார்ப்பது தொல்லியலாளர் வேலை. பழைய வரைபடம், நிலப் பத்திரம், வானிலிருந்து எடுத்த பழைய படங்கள், ஊர்ப் பெரியவர்களின் வாய்மொழி ஆகியவற்றை ஒன்றுசேர்த்து அந்த இடத்தின் கதையை எழுதுவது வரலாறு படித்தவர் வேலை.

நடைமுறையில் எப்படி இருக்கும் என்று ஒன்று சொல்கிறேன். வடக்குக் கரையோரம் ஒரு பழைய கோயிலின் கமிட்டி, முன்மண்டபத்தை இடித்துக் கல்யாண மண்டபத்தோடு சேர்த்துக் கட்ட முடிவு செய்தது. மண்டபம் 60 வருடத்தைத் தாண்டியது. கட்டட வரைபடம் போட்டவர் பெர்மிட் வேண்டும் என்றதும் கமிட்டிக்கு ஒரே குழப்பம். அப்போது ஹானர்ஸ், அதாவது பி.ஏ.வுக்குப் பிறகு செய்கிற ஒரு வருடப் படிப்பு, முடித்திருந்த ஒரு பையனை என்னோடு கூட்டிக்கொண்டு போனேன். அவன் செய்தது இதுதான்: கோயில் நிலத்தின் பத்திரத்தைப் பதிவு அலுவலகத்தில் எடுத்தான். தகரப் பெட்டியில் கிடந்த கமிட்டியின் பழைய கணக்கு நோட்டைத் திறந்து, நன்கொடை கொடுத்தவர்களின் பட்டியலையும், கொத்தனாருக்குக் கொடுத்த கூலியையும் வருடத்தோடு குறித்துக்கொண்டான். மூன்று பாட்டிமார்களை உட்காரவைத்துப் பேசவைத்துப் பதிவு செய்தான். எந்தத் தூண் முதலில் கட்டியது, எது பிறகு சேர்த்தது என்று படத்தில் குறித்தான். இருபது பக்க அறிக்கை. அதைப் படித்தபிறகு கமிட்டியே முன்மண்டபத்தை வைத்துக்கொண்டு பின்பக்கம் கட்டுவது என்று திட்டத்தை மாற்றிக்கொண்டது. பையனுக்குக் கூலியும் கிடைத்தது, அடுத்த வேலைக்குக் காட்ட ஓர் அறிக்கையும் கிடைத்தது.

அவன் அந்த நோட்டைப் படித்தான் என்று சொன்னேனே, அது தமிழில் எழுதியிருந்தது. உங்கள் மகளுக்குத் தமிழ் வாசிக்க வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். அக்கா, அது எவ்வளவு பெரிய சொத்து என்பது உங்கள் வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் வந்து சேர்ந்ததிலிருந்து 1911 வரை வந்த ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாக வந்தவர்கள். அவர்களைப் பற்றி ஆராய்கிற பேராசிரியர்கள் பலருக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது. காந்தி 1903இல் தொடங்கிய இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகையில் தமிழ்ப் பகுதி இருந்தது. பி. எஸ். ஐயர் 1908இல் டர்பனில் தொடங்கிய ஆப்பிரிக்கன் கிரானிக்கிள் ஆங்கிலத்தோடு தமிழிலும் வந்தது. கோயில்களின் தகரப் பெட்டிகளில், பழைய வீடுகளின் பரண்களில், கல்லறைக் கற்களில் இருக்கும் தமிழை வாசிக்கத் தெரிந்தவர்கள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே போகிறார்கள். ஆவணத்தை எப்படி எடைபோடுவது என்று பயிற்சி பெற்று, தமிழும் வாசிக்கத் தெரிந்த இளம் பட்டதாரிகளை நான் மிகக் குறைவாகவே சந்தித்திருக்கிறேன்.

கப்பல் பட்டியல்களையும் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் இருக்கும் அடையாளத் தழும்பு, எந்த முதலாளியிடம் அனுப்பப்பட்டார் என்று வரிசையாக இருக்கும். ஊர்ப் பெயர்கள் துறைமுக எழுத்தரின் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. வட ஆற்காடு எது, தஞ்சாவூர் எது என்று தெரிந்து, அந்தக் கிராமம் எதுவாக இருக்கும் என்று ஊகித்துச் சரிபார்க்கத் தமிழ் தெரிந்த ஆள் வேண்டும். தங்கள் பாட்டன் பூட்டன் ஊரைத் தேடுகிற குடும்பங்கள் இங்கே ஏராளம். சிலருக்கு, வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருகிற ஓசிஐ அட்டைக்காகவும் அந்தக் காகிதம் தேவைப்படுகிறது. அவர்களுக்காக ஆவணக் காப்பகத்தில் தேடிக்கொடுப்பது ஒரு வருமானம். அதையே முழு நேரத் தொழிலாக வைத்துக்கொள்ளச் சொல்லமாட்டேன். படிக்கும் காலத்தில் கைச்செலவுக்கும் அனுபவத்துக்கும் ஆகும்.

நில உரிமைக் கோரிக்கைகள் இன்னொரு பெரிய துறை. 1994இன் நிலம் மீட்டளிப்புச் சட்டப்படி, 1913 ஜூன் 19க்குப் பிறகு இனச் சட்டங்களால் நிலத்தை இழந்தவர்கள் அதைத் திரும்பக் கேட்கலாம் அல்லது இழப்பீடு பெறலாம். விண்ணப்பிக்கக் கடைசி நாள் 1998 டிசம்பர் 31. டர்பனின் கேட்டோ மேனரில் காய்கறித் தோட்டம் போட்டுப் பிழைத்த நம் குடும்பங்களை, இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் பிடுங்கி சாட்ஸ்வர்த்தில் போட்டதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கடைசி நாள் போய் இத்தனை வருடம் ஆகியும் தீராத கோரிக்கைகள் இன்னும் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் யார் எங்கே குடியிருந்தார்கள், எந்த ஆணையால் வெளியேற்றப்பட்டார்கள், என்ன இழப்பீடு கொடுத்தார்கள் என்று நிரூபிக்க ஆய்வாளர் வேண்டும். கோரிக்கை ஆணையத்துக்கும் வேண்டும், எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களுக்கும் வேண்டும். கிராமப்புறக் கோரிக்கைகளில் சூலு பேசத் தெரியாமல் ஒன்றும் நடக்காது. பல்கலைக்கழகம் 2014 முதல் இளங்கலை மாணவர்களுக்கு சூலுவைக் கட்டாயமாக்கியது பலருக்கு எரிச்சலாக இருந்தது. பாஸ் மார்க்குக்காகப் படித்ததோடு விட்டுவிடாமல் பேசிப் பழகச் சொல்லுங்கள். இந்த மாகாணத்தில் தமிழ், சூலு, ஆங்கிலம் மூன்றும் கைவசம் இருக்கிற வரலாற்றுப் பட்டதாரி வேலைக்கு அலைய மாட்டாள் என்று தைரியமாகச் சொல்வேன்.

இந்த ஆய்வு வேலைகளின் குறையையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் ஒப்பந்த வேலை. ஒரு மாதம் கை நிறைய வரும், அடுத்த இரண்டு மாதம் ஒன்றும் வராது. வீட்டுக் கடன் வாங்கப் போனால் வங்கியில் முகம் சுளிப்பார்கள். பி.ஏ. மட்டும் போதாது, குறைந்தது ஹானர்ஸ் வேண்டும். முதல் சில வருடங்கள் ஏற்கெனவே தொழிலில் இருக்கிற ஒருவருக்குக் கீழே வேலை செய்துதான் ஏறிவரவேண்டும்.

மாதாமாதம் சம்பளம் வருகிற வேலை வேண்டுமென்றால் ஆவணக் காப்பகங்களும் மியூசியங்களும் இருக்கின்றன: டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் உள்ள அரசுக் காப்பகங்கள், வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி-லுத்துலி ஆவண மையம், கில்லி கேம்பல் நூலகம், டர்பன் நகராட்சியின் மியூசியங்கள், டெர்பி தெருவில் 1860 பாரம்பரிய மையம், குரூட்வில்லில் லுத்துலி மியூசியம். இடங்கள் குறைவு, காலியாவதும் அபூர்வம். ஆனால் அதே பயிற்சியோடு போகக்கூடிய இன்னொரு வேலையை யாரும் கவனிப்பதில்லை: பதிவேடு மேலாண்மை. 1996இன் தேசிய ஆவணக் காப்பகச் சட்டப்படி ஒவ்வொரு அரசு அமைப்பும் ஒரு பதிவேட்டு மேலாளரை நியமிக்கவேண்டும். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் முழுமையாக அமலுக்கு வந்தபிறகு தனியார் நிறுவனங்களுக்கும் இந்தக் கவலை பிடித்துக்கொண்டது: எதை எத்தனை வருடம் வைத்திருப்பது, எதை அழிப்பது, கேட்டால் எங்கே தேடுவது. கவர்ச்சியான வேலை இல்லைதான். ஆனால் நிலையான வேலை. நூலக, தகவல் அறிவியலில் ஒரு வருட டிப்ளமா சேர்த்துக்கொண்டால் இதற்குப் போகலாம். மியூசியம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், கேப் டவுனில் மேற்கு கேப் பல்கலைக்கழகம் ராபன் தீவு மியூசியத்தோடு சேர்ந்து நடத்துகிற மியூசியம்-பாரம்பரியப் படிப்பு பெயர் பெற்றது.

அரசு வேலைகளுக்கு ஒரு பழக்கம் வேண்டும். பொதுச் சேவைத் துறை வாரா வாரம் காலியிடச் சுற்றறிக்கை போடுகிறது. அதைத் திறந்து 'வரலாறு' என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. 'ஆய்வு', 'கொள்கை', 'பாரம்பரியம்', 'பதிவேடு', 'தொடர்பு' என்று தேடச் சொல்லுங்கள். சமூக அறிவியல் பட்டம் போதும் என்று போட்டிருக்கும் இடங்கள் நிறைய இருக்கும். அரசு வேலைக்கான விண்ணப்பமான இசட்-83 படிவத்தை ஒரு கட்டம் விடாமல் நிரப்பிக் கையெழுத்துப் போடவேண்டும். நல்ல பட்டதாரிகளின் விண்ணப்பம் நேர்காணலுக்கே போகாமல் அந்தக் கட்டத்திலேயே நின்றுவிடுவதைக் கண்டிருக்கிறேன். பட்டதாரிகளுக்கான இன்டர்ன்ஷிப்புக்குப் பொதுவாக 35 வயது வரம்பு, அதனால் அதை முதலில் பிடிப்பது நல்லது. வரலாறும் அரசியல் அறிவியலும் சேர்ந்த பட்டத்துக்கு வெளியுறவுத் துறை இளம் பட்டதாரிகளுக்கு நடத்துகிற கேடட் பயிற்சி அளவெடுத்துத் தைத்தது மாதிரி. போட்டி கடுமை, ஆனால் போட்டுப் பார்க்கவேண்டும்.

சுற்றுலா வழிகாட்டி வேலையை நம் வீடுகளில் மதிப்பதில்லை. இசான்ட்ல்வானா, ஸ்பியோன்கோப் போர்க்களங்களுக்கும், 1893 ஜூன் 7 இரவு காந்தியை இறக்கிவிட்ட பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்துக்கும், அவர் அமைத்த ஃபீனிக்ஸ் குடியிருப்புக்கும் வருகிறவர்களுக்கு, மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிற வழிகாட்டிக்கும் வரலாறு படித்தவருக்கும் உள்ள வித்தியாசம் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். தமிழ்நாட்டிலிருந்து வருகிற குழுக்களுக்குத் தமிழிலேயே சொல்ல ஆள் கிடைத்தால் கொண்டாடுவார்கள். அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி, முதலுதவிச் சான்றிதழ், மாகாணப் பதிவாளரிடம் பதிவு ஆகியவை கட்டாயம். வார இறுதி வேலையாக வைத்துக்கொண்டு, மற்றதைப் படித்துக்கொண்டே செய்யலாம்.

சட்டம் படிக்க ஆசை இருந்தால் பி.ஏ.வுக்குப் பிறகு எல்எல்பி சேரலாம், இன்னும் இரண்டு மூன்று வருடம். பத்திரிகைத் துறையில் சம்பள வேலை சுருங்கிக்கொண்டே வருகிறது, எழுத்து கை வந்தவள் என்றால் மட்டும் யோசிக்கட்டும். பேராசிரியர் ஆகவேண்டும் என்றால் முனைவர் பட்டம் வரை போகவேண்டும். முதுகலைக்கு தேசிய ஆய்வு நிதியமும், முனைவர் பட்டத்துக்கு மனிதவியல்-சமூக அறிவியல் தேசிய நிறுவனமும் உதவித்தொகை தருகின்றன. ஆனால் நிரந்தரப் பணியிடம் எப்போது காலியாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த வழியில் போகிறவள் அதைத் தெரிந்துகொண்டே போகட்டும்.

என் மகளாக இருந்தால் நான் என்ன சொல்வேன் என்றும் கேட்டிருக்கிறீர்கள். பிள்ளைகளோடு இருப்பது அவளுக்குப் பிடிக்குமானால், முதலில் இரண்டாவது பாடத்தைச் சரிசெய்துகொண்டு பிஜிசிஇ. வீட்டுக்கு உடனே சம்பளம் தேவைப்படுகிறது என்றாலும் இதுதான். அது கையில் இருந்தால், பிறகு பகுதி நேரமாக ஹானர்ஸ் செய்து ஆய்வுப் பக்கம் வரலாம். நான் வந்தது அப்படித்தான். வகுப்பறை என்றாலே அவளுக்குப் பயம் என்றால் நேராக ஹானர்ஸ். ஆய்வுக் கட்டுரைக்குத் தமிழ் ஆவணம் வேண்டியிருக்கிற ஒரு தலைப்பை, உங்கள் பக்கத்துக் கோயிலின் கதையாகவே இருக்கட்டும், எடுத்துக்கொள்ளட்டும். அந்தக் கட்டுரையே அவளுக்கு வேலை வாங்கிக்கொடுக்கும். எந்தப் பக்கம் போனாலும், டிசம்பரில் முடிவு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அடுத்த ஆண்டு இடங்களுக்கு விண்ணப்பம் இந்த ஆண்டு நடுவிலேயே திறந்துவிடும், தாமதித்தால் இடம் போய்விடும். முதல் ஆண்டிலிருந்து அவள் எடுத்த பாடங்களின் பட்டியலை எழுதிப் போடுங்கள், அக்கா. பிஜிசிஇக்கு இரண்டாவது பாடமாக எதைக் காட்ட முடியும், எது குறைகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.